அழுகல் கிழங்கு கேட்ட நிலம்

ஆகஸ்ட் 4, திங்கள்

மண்டி வியாபாரிகள் சங்கம் கொடுத்த டைரி ஏழு மாதமாக மேசையில் வெறுமனே கிடக்கிறது. ஓசூரில் இருக்கும் மகள் நேற்று போனில், "அப்பா, நீங்க தனியாப் பேசிக்கறீங்கன்னு ரங்கசாமி சொல்றாரு. பேசறதுக்குப் பதிலா எழுதுங்க" என்றாள். ரங்கசாமி என் மண்டியில் மூட்டை இறக்குகிறவன். அவனை நாளைக்குக் கவனித்துக்கொள்கிறேன்.

சரக்குக்குச் சீட்டு ஒட்டுவதுபோல முதலில் என்னைப் பற்றி எழுதிவிடுகிறேன். சென்னியப்பன். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி. நானும் ஒரு காலத்தில் மூட்டை இறக்கியவன்தான். மனைவி கமலம் போய் மூன்று வருடம் ஆகிறது.

காரமடைக்குத் தெற்கே, கிணறு தோண்டவும் கல் உடைக்கவும் வெடிமருந்து செய்த கம்பெனி ஒன்று இருந்தது. மூடி வெகுகாலம் ஆயிற்று. அந்த இடத்தை வங்கி ஏலத்தில் எடுத்திருக்கிறேன், கிடங்கு கட்டுவதற்கு. கட்ட முடியவில்லை. மருந்துப் பாத்திரங்களைக் கழுவிய தண்ணீரை அவர்கள் ஒரு குழியில் விட்டிருக்கிறார்கள். குழி மண் முழுக்க வெடிமருந்து விஷம். அதைச் சுத்தம் செய்யாமல் ஒரு செங்கல் வைக்கக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு சங்கடம், என் நிலத்துக்கு முன்னால் சாலையை ஒட்டி ஒரு சின்ன நிலம் இருக்கிறது. அதையும் வாங்கினால்தான் லாரி திரும்பும். உடைமைக்காரர் வசந்தாமணி என்ற அம்மாள். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கறிவேப்பிலைத் தோட்டம், இரண்டு மாடு, ஒரு கிணறு.

இன்று போய்ப் பார்த்தேன். மோர் கொடுத்தார்.

"பயப்படாமக் குடிங்க மண்டிக்காரரே. இது லாரித் தண்ணி. எங்கெணத்துத் தண்ணி குடுக்கறதுன்னா உங்க மேல எனக்குக் கோவம் இருக்கோணும்."

கிணற்று மேட்டில் ஒரு கண்ணாடிப் பாட்டில் இருந்தது. காலையில் இறைக்கும்போது தண்ணீர் தெளிவாக இருக்குமாம். வெயில் பட்டால் சிவந்துவிடும். நான் பார்த்தபோது பால் விடாத கட்டஞ்சாயா நிறம். குழியிலிருந்து மண்ணுக்குள்ளேயே இறங்கி வந்திருக்கிறது. போன வருட மழைக்குப் பிறகுதான் இப்படியாம். கீழ்ப்பாத்தியில் கறிவேப்பிலை பூராவும் குச்சியாக நிற்கிறது.

நிலத்தை விற்கிறீர்களா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே மோர்த் தம்ளரை வாங்கிக்கொண்டார். கிணறு இப்படியே இருந்தால் எத்தனை நாள் சிரிப்பார்? வெளிப்படையாக எழுதுகிறேன்: அந்தப் பாட்டிலைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

குழி மண்ணை வாரி எங்கோ வடநாட்டுக்கு அனுப்பி எரிக்க வேண்டும் என்றார்கள். கட்டுப்படியாகாது. கோயமுத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி. நுண்ணுயிர்களைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கும்.

"எரிக்கவெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. இந்த விஷத்தைத் தின்னு உடைக்கிற பாக்டீரியா இருக்கு. சாணியில இருக்கு, மண்ணுலயும் இருக்கு. அதுக்குச் சாப்பாடு போட்டு வளத்துவிட்டா, அதுவே வேலையப் பாத்துக்கிடும்."

"என்ன சாப்பாடு?"

"வைக்கோல், சாணி. முக்கியமா மாவுச்சத்து. அழுகுன உருளைக்கிழங்கு கிடைச்சா நல்லாருக்கும்."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். யாரோ சொல்லிக்கொடுத்துக் கேலி செய்கிறாளோ என்று தோன்றியது. ஆனால் அவளுக்கு நான் என்ன வியாபாரம் செய்கிறேன் என்றே தெரியாது.

"அம்மணி, இந்த ஊர்ல அழுகல் கிழங்குக்கு ஆளைத் தேடி வந்தவ நீ ஒருத்திதான்" என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

பழைய கம்பெனியின் தகரக் கொட்டகை ஒன்று பாக்கி இருக்கிறது. அதன் கீழே பொக்லைன் வைத்துக் குழி மண்ணைக் கொண்டுவந்து கொட்டினோம். வெடிக்கிற அளவுக்கு மருந்து இருக்கிறதா என்று ஜெசிந்தா ஏற்கெனவே சோதித்துவிட்டாள். இல்லை. இருந்தாலும் ரங்கசாமி பீடியை எடுத்தபோது அவள் போட்ட சத்தத்தில் அவன் பீடிக்கட்டையே வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டான்.

மண், சாணி, வைக்கோல், அழுகல் கிழங்கு. கலந்து கலந்து நீளமாக ஒரு குவியல். நாற்றம் குடலைப் பிடுங்கியது. மண்டியில் பிறந்த மூக்கு என்னுடையது, எனக்கே அப்படி.

வசந்தாமணி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

"என்னுங் இது, கல்யாணப் பந்தியாட்டம்?"

"கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளுங்க. விஷத்தைத் தின்னுமாம். அதுகளுக்குச் சோறு."

"அட, விருந்தாளிக வந்திருக்காங்கன்னு சொல்லுங்க. கொழம்பு ஊத்தறதுக்கு ஆள் வேணும்னாக் கூப்பிடுங்க."

ஜெசிந்தா உண்மையிலேயே கூப்பிட்டாள். ஈரம் குறையாமல் தண்ணீர் தெளிக்கத் தினமும் ஒரு ஆள் வேண்டுமாம். பக்கத்தில் இருப்பவர் இவர்தானே.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று மண்டியில் அழுகலே இல்லை. இந்தத் தொழிலில் முதல்முறையாக அதற்கு வருத்தப்பட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

குவியல் சூடாகிவிட்டது. நீளக் கம்பி வைத்த வெப்பமானியை உள்ளே குத்தி ஜெசிந்தா காட்டினாள். ஐம்பத்தைந்து. கையை மேலே வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றிபோல இருக்கிறது. சூடு இருந்தால் பூச்சிகள் உயிரோடு தின்றுகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். பாக்டீரியா என்று சொல்லுங்கள் என்கிறாள். எனக்குப் பூச்சிதான் வருகிறது.

வசந்தாமணி வெகுநேரம் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ஏங்கண்ணு, இதுகளைப் புடிச்சு என்ற கெணத்துல உட முடியாதா?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டார்.

"கிணத்துல விட வேண்டாம் அத்தை. கிணத்துத் தண்ணிய இறைச்சு இதுக்குக் குடுத்தாப் போதும். விஷம் வார குழியைத்தான் தோண்டி எடுத்தாச்சே. இறைக்க இறைக்கக் கிணறு தெளியும். ஆனா குவியல் சூடா இருந்து, குடிக்கிறதைச் செரிக்கணும். மூணு மாசம், நாலு மாசம் ஆகலாம். பைப் போட்டு மோட்டார் வைக்கணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

கிணறு தெளிந்தால் எனக்கு நஷ்டம். அவர் விற்கமாட்டார், லாரி திரும்பாது. ஆனால் குவியலுக்குத் தெளிக்க எப்படியும் தண்ணீர் வேண்டும். லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுவதைவிடப் பக்கத்துக் கிணற்றிலிருந்து எடுப்பது சிக்கனம். அந்தக் கணக்கில்தான் சரி என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மோட்டார் ஓடுகிறது. பாட்டில் இன்னும் கட்டஞ்சாயாதான்.

தினமும் மண்டி முடிந்ததும் குவியலைப் போய்ப் பார்க்கிறேன். பணம் போட்ட இடத்தைப் பார்க்காமல் இருக்க முடியுமா? ரங்கசாமி, "மொதலாளி, பூச்சியப் பாக்கறதுக்கு எதுக்குங்க சவரம்?" என்கிறான். வாய் ரொம்ப நீளுகிறது.

இன்று வசந்தாமணி ஒரு விஷயம் சொன்னார். திருப்பூரில் அவருடைய அண்ணன் திருமூர்த்தி பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். தனியாக இருக்காதே, வந்துவிடு என்று ஒரு வருடமாகக் கூப்பிடுகிறாராம். இப்போது கெடு வைத்துவிட்டார். மார்கழி பிறந்தால் பத்திரம் எதுவும் பேச முடியாது. அதனால் கார்த்திகைக்குள் கிணறு தெளியாவிட்டால் நிலத்தை விற்றுவிட்டு அவரோடு போய்விட வேண்டும்.

"நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

"தண்ணியில்லாத தோட்டத்தை வச்சுக்கிட்டு என்னுங் பண்றது? கெணறு சிவந்ததுல இருந்து ராத்திரி தாகம் எடுத்தாக் கூட அளந்துதான் குடிக்கறேன். அதுக்குள்ள தெளிஞ்சாப் பாக்கலாம். இல்லைன்னாப் போறேன்." பிறகு சிரித்துக்கொண்டே, "வாங்கறதுக்கு ஆள்தான் கைவசம் இருக்கறீங்களே" என்றார்.

நல்ல செய்தி. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்காமல் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டேன். மதியம் சாப்பிட்டதே போதும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

திருமூர்த்தி மண்டிக்கே வந்தார். நல்ல மனுஷன். தங்கை மேல் உண்மையான பாசம். "அவ ஒரு வருஷமா லாரித் தண்ணிக்குக் குடத்தோட நிக்கறாளுங்க. என்னால தூங்க முடியறதில்லை. நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னா எனக்கு நிம்மதி. வேற யாரு அந்த நெலத்தை வாங்குவாங்க?"

உண்மை. வேறு யாரும் வாங்கமாட்டார்கள். இப்படி ஒரு ஆள் என் முன்னால் உட்கார்ந்தால் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

"பாக்கலாமுங்க" என்றேன்.

ரங்கசாமி பின்னால் ஒரு மூட்டையைக் கீழே போட்டுவிட்டான்.

அக்டோபர் 4, சனி

நாளை திருமூர்த்தி மனைவியோடு தங்கையைப் பார்க்க வருகிறார். வசந்தாமணி இன்று என்னிடம், "காத்து இந்த வாரம் மேக்காலயிருந்து அடிக்குதுங்க. உங்க விருந்தாளிக நாத்தம் நேரா என்ற அடுப்படிக்குத்தான் வருது. அண்ணி மூக்கைப் பொத்திக்கிட்டு, இந்த நரகத்துலயா இருக்கறேன்னு கேக்கப்போறாங்க. கார்த்திகை வரைக்கும் கூட உடமாட்டாங்க" என்று சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

மண்டியில் இதற்கெல்லாம் பெரிய வைத்தியம் கிடையாது. சாயங்காலம் கடை கட்டும்போது அழுகல் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவித் தண்ணீர் தெளிப்போம். ஈயும் வராது, பக்கத்துக் கடைக்காரனும் சண்டைக்கு வரமாட்டான். எல்லா மண்டியிலும் அப்படித்தான். இரண்டு மூட்டை எடுத்துக்கொண்டு போய், அவர் மேய்ச்சல் மாட்டைப் பிடித்துவரப் போயிருந்த நேரத்தில், குவியல் முழுக்க நானே தூவினேன். தாராளமாகவே தூவினேன். தண்ணீரும் விட்டேன்.

நாற்றம் சுத்தமாகப் போய்விட்டது. இன்று நன்றாகப் பசித்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

குவியல் ஆறிக் கிடக்கிறது.

ஜெசிந்தா வெப்பமானியை மூன்று இடத்தில் குத்தினாள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. வெளியில் அடிக்கிற வெயிலின் சூடுதான் உள்ளேயும். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஈரம் சரியாக இருக்கிறது, தீனி இருக்கிறது. ஒரு பிடி மண்ணை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இதுல ஆஸ்பத்திரி வாசம் வருதே அண்ணாச்சி?"

சொன்னேன்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொட்டகைத் தூணில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பிளீச்சிங் பவுடர் எதுக்குப் போடுதோம்? கிருமியக் கொல்லத்தானே. நாம வளத்ததே கிருமியத்தானே அண்ணாச்சி. பூராத்தையும் கொன்னுட்டியளே."

எனக்கு அது தோன்றவே இல்லை. அழுகல் என்றால் பிளீச்சிங். கை தானாகவே போய்விட்டது. அதிலும், மண்டியில் செய்வதைவிட இரண்டு மடங்கு.

"எதுக்காகப் போட்டிய? யாரும் புகார் சொன்னாங்களா?"

"காத்து மேக்காலயிருந்து அடிச்சுது" என்றேன்.

அவள் என்னையும் பார்த்தாள், வேலிக்கு அந்தப் பக்கமும் பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை. படித்த பெண்.

அக்டோபர் 8, புதன்

வசந்தாமணியிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். சொல்லும்போது துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன், பிறகுதான் கவனித்தேன்.

முழுவதும் கேட்டார். "எங்கண்ணன் மூக்குக்காகவா?"

"ஆமாங்க."

"அண்ணனுக்கும் அண்ணிக்கும் அன்னைக்குச் சளி. மூக்கு ரெண்டு பேருக்கும் அடைச்சுக் கெடந்துச்சு. கருவாட்டைப் பக்கத்துல வச்சிருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்காது."

சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் வந்துவிட்டது. மாடு எங்களைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அவர் சிரிப்பு நின்றது. கிணற்று மேட்டுப் பாட்டிலைப் பார்த்தார். கட்டஞ்சாயாவிலிருந்து ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு வாரமாகத்தான்.

"இனி அது தெளியாதுங்களா?"

"குவியல் செத்துப்போச்சு. அது குடிக்காம கெணத்தை எறைச்சு எங்க உடறது?"

"கார்த்திகைக்கு இன்னும் நாள் இருக்குதுங்க" என்றார். எனக்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஜெசிந்தா குவியலின் நடுவயிறு வரைக்கும் தோண்டிப் பார்த்தாள். பிளீச்சிங் தண்ணீர் அவ்வளவு ஆழம் இறங்கவில்லை. ஒரு மாட்டுவண்டி அளவுக்கு மண் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. "உசுரு இருக்கு அண்ணாச்சி!" என்று கத்தினாள். பிரசவ வார்டில் கேட்பதுபோல இருந்தது.

மேல் மண்ணை ஒதுக்கிப் பரப்பிக் காயவிட்டோம். மருந்து வாடை போனபிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாமாம். நடு மண்ணை உறைமோர்போல வைத்துப் புதுக் குவியல் போட வேண்டும். சாணி வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் வசந்தாமணி இரண்டு கூடை கொண்டுவந்து கொட்டினார். முழங்கை வரை சாணி. நானும் இறங்கிவிட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாணி பிசைந்து எவ்வளவு காலம் ஆயிற்று.

கிழங்குதான் சிக்கல். இந்த வாரம் மலைக்கிழங்கு வரத்துக் குறைவு. வந்ததெல்லாம் முத்து முத்தாக இருக்கிறது, அழுகலுக்கு எங்கே போக? நல்ல மூட்டையைப் பிரித்து வெட்டச் சொன்னேன். ரங்கசாமி அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

"மொதலாளி, நெசமாத்தான் சொல்றீங்களா? எம்பொண்டாட்டி ஒரு கிலோ கேட்டப்போ தராசுல வச்சுக் குடுத்தீங்க."

"அவ பூச்சியா?"

"இல்லீங்க. ஆனா இந்தப் பூச்சிக்கு இருக்கற மரியாதையப் பாத்தா, ஆயிரோணும்னு தோணுது."

அவன் வீட்டுக்கு ஒரு மூட்டை அனுப்பிவைத்தேன். வாயை அடைக்க வேறு வழியில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மகளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மதியம் வசந்தாமணி தூக்குப்போசியில் ஒப்பிட்டு, வெல்லப் போளி, கொடுத்தனுப்பினார். கமலத்துக்கும் வெல்லம் இப்படித் தூக்கலாக இருந்தால்தான் பிடிக்கும். இரண்டு தின்றேன். சர்க்கரைக்கு ஆகாது.

வெப்பமானி நாற்பத்தொன்று.

நவம்பர் 9, ஞாயிறு

ஐம்பத்துமூன்று! ஜெசிந்தா லட்டு வாங்கி வந்தாள். மறுபடி மோட்டார் ஓடுகிறது.

கொட்டகையில் மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஜெசிந்தா, "அத்தை, கிணறு தெளிஞ்சா அண்ணாச்சிக்குத்தான் நஷ்டம், தெரியுமா? உங்க நிலம் அவருக்குக் கிடைக்காதுல்லா?" என்றாள். விளையாட்டாகத்தான்.

வசந்தாமணி என்னைப் பார்க்காமல், "எனக்கு முதல் நாளே தெரியுங்கண்ணு. அது தெரிஞ்சும் எதுக்குச் செய்யறாருன்னு அவருக்கு எப்பத் தெரியும்னுதான் பாத்துக்கிட்டிருக்கறேன்" என்றார்.

நான் மோட்டாரைப் பார்க்க எழுந்து போனேன். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

நான்கு நாள் அடைமழை. மண்ணுக்குள் மிச்சம் இருந்ததெல்லாம் கரைந்து கிணற்றுக்கு வந்திருக்கும் என்றாள் ஜெசிந்தா. வெயில் வராததால் பாட்டிலை வைத்துப் பார்க்கவும் முடியவில்லை. வசந்தாமணி பெட்டிகளைத் துடைத்து வெளியே எடுத்து வைத்திருந்தார். மழை ஈரத்துக்காக என்றார். நானும் ஈரத்துக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

வெயில். காலையில் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, நானும் வசந்தாமணியும் அதைப் பார்க்காததுபோல வேறு வேலை செய்தோம். அவர் தழை உருவினார். நான் அறுந்துபோன வேலியைக் கட்டினேன். உச்சிக்குப் பிறகு போய்ப் பார்த்தோம். அந்திக்குச் சற்று முன்னால் மேகத்தின் ஓரத்தில் ஒரு நிறம் இருக்குமே, அவ்வளவுதான். இருக்கிறது என்றால் இருக்கிறது.

ஜெசிந்தா தண்ணீரும் மண்ணும் எடுத்துச் சோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். முடிவு வரப் பத்து நாள்.

டிசம்பர் 10, புதன்

முடிவு வந்துவிட்டது.

குவியல் மண் சுத்தம். விஷம் அதிகாரிகள் கேட்ட அளவுக்கும் கீழே போய்விட்டது. நான் கிடங்கு கட்டலாம்.

கிணறு பாதி. தோட்டத்துக்குப் பாய்ச்சலாம், குடிக்கக்கூடாது. இன்னும் இறைத்து, இரண்டு முறை சோதித்து, இரண்டிலும் சரியாக வந்தால்தான் குடிக்கலாம். கோடை ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஜெசிந்தா எதையும் கூட்டிச் சொல்லமாட்டாள். "நல்லா வருது அத்தை. ஆனா நான் தேதி சொல்லமாட்டேன்."

பிளீச்சிங்கில் வீணாய்ப்போன நாட்கள் இருந்திருந்தால்? கேட்டேன். "கொஞ்சம் முந்தியிருக்கும் அண்ணாச்சி. அவ்வளவுதான்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த 'அவ்வளவுதான்' சேர்த்தாள் என்று தெரியும்.

வசந்தாமணி காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறார்.

டிசம்பர் 14, ஞாயிறு

திருமூர்த்தி ஒப்பந்தக் காகிதத்தோடு வந்தார். என்னையும் வரச்சொல்லியிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். விலை பேசப் போகும்போதுகூட நான் அப்படிச் செய்ததில்லை.

"குடிக்கறதுக்கு ஆகாதுன்னுதான் காகிதமே சொல்லுது" என்றார் திருமூர்த்தி. "நாளன்னைக்கு மார்கழி. இன்னைக்கே பேசி முடிச்சுப்போடலாங்க."

"எனக்கு இந்த நெலம் வேண்டாமுங்க" என்றேன்.

"ஏனுங்க? நீங்கதானே ஆடியில இருந்து கேட்டுட்டு இருந்தீங்க?"

"கேட்டேன். இப்ப வேண்டாம்."

"வெலையக் கொறைக்கறதுக்குச் சொல்றீங்களா?"

"சும்மா குடுத்தாலும் வேண்டாம்."

வசந்தாமணி கதவோரம் நின்றிருந்தார். "அவ்வளவு கேவலமாப் போச்சுங்களா என்ற நெலம்?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. "இல்லீங்க... நெலம் நல்ல நெலம். நான் குடோன் கட்டப்போறேன். பக்கத்துல ஆள் இருந்தா ஒரு காவலாட்டம் இருக்கும்..."

"காவலுக்கா? நாய் வாங்கிக் கட்டுங்க மண்டிக்காரரே."

திருமூர்த்தி சிரித்துவிட்டார். எனக்குக் காது சுட்டது. நாற்பது வருடமாகப் பேசிப் பிழைக்கிறவன். லாரி திரும்புவதற்குத் தெற்கு மூலையில் வேறு வழி பார்த்திருக்கிறேன், கொஞ்சம் சுற்று, பரவாயில்லை என்று என்னென்னவோ உளறினேன்.

"செரி, இவரு வேண்டாம்னாப் போகட்டும். வேற ஆள் பாக்கறேன். நீ பொட்டியக் கட்டு வசந்தா" என்றார் திருமூர்த்தி.

"வேணுங்கறவங்களும் வேண்டாங்கறவங்களும் பேசி முடிச்சாச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டு வசந்தாமணி உள்ளே வந்தார். "இனி நெலத்துக்காரி பேசறேன். நான் வரலண்ணா."

"குடிக்கத் தண்ணியில்லாத எடத்துல..."

"பாத்திக்குத் தண்ணி ஆச்சு. கோடைக்குள்ள எனக்கும் ஆகும். ஆகலைன்னா அப்பறமும் கேன் தண்ணிதான், என்ன இப்போ? உங்கூட்டுல எனக்கு ஒரு ரூம்பு இருக்குது, இல்லைன்னு சொல்லல. இங்க எனக்கு ஒரு கெணறு இருக்குதுண்ணா."

"யாருமில்லாமத் தனியா..."

"யாருமில்லைன்னு யாரு சொன்னது?"

கொட்டகைக்குப் போய் வெப்பமானியைப் பார்க்கலாம் போல இருந்தது எனக்கு.

அவர் அண்ணனை நிதானமாகப் பார்த்தார். "ரெண்டு மாடு இருக்குதே" என்றார்.

திருமூர்த்தி காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். போகும்போது என் கையைப் பிடித்து, "பாத்துக்குங்க" என்றார். எதை என்று சொல்லவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

காலையில் ஏலம் சூடாக நடந்துகொண்டிருக்கிறது. ரங்கசாமி வந்து காதில், "காரமடையில இருந்து அந்தம்மா போன் பண்ணாங்க. நாத்து வந்திருக்குதாம். நாளைக்கு மார்கழியாமா. இன்னைக்கே நட்டுப்போடோணுமாம். கயிறு புடிக்க ஆள் இல்லையாம்" என்றான்.

"நீ போ."

"நான் வர்றேன்னு சொன்னனுங்க. மூட்டை தூக்கறவன் வேண்டாம், மண்டிக்காரரு வரட்டும்னாங்க."

கடையை அவனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். ஏலத்தின் நடுவில் நான் எழுந்து போனதே கிடையாது. பக்கத்துக் கடைக்காரர்கள் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள்.

கீழ்ப்பாத்தியில் காய்ந்த குச்சிகளையெல்லாம் பிடுங்கி, குழி எடுத்துத் தயாராக வைத்திருந்தார். கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நுனியில் அவர், மறு நுனியில் நான், நடுவே கயிறு. கறிவேப்பிலை நட்டால் முதல் அறுப்புக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகுமாம். அடுத்த வருடம் நன்றாகத் தழையும், அதற்கடுத்த வருடம்தான் முழு மகசூல் என்று சொல்லிக்கொண்டே நட்டார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இன்னும் சொல்லட்டும் என்று இருந்தது.

கடைசி வரிசையைத் தனியாக என்னிடம் விட்டார். கயிற்றை எங்கே கட்டினேனோ தெரியவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் வரிசை பாம்புபோல வளைந்து வாய்க்கால் பக்கம் போகிறது.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கெழங்கை எறக்கத்தான் தெரியும், ஒண்ணை நடத் தெரியாது" என்றார்.

பிடுங்கித் திருப்பி நடுகிறேன் என்று குனிந்தேன்.

"உடுங்க" என்றார். "அது அப்படியே இருக்கட்டும்."

வாய்க்கால் மடையை என் வரிசைப் பக்கம் திருப்பிவிட்டார்.